பொய் சொன்னவர் தண்ணீர் எடுக்கவில்லை

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் என் தங்கச்சி பெற்றுவிட்டுப் போனவர்கள். ஐந்து பேரும் இன்றைக்கு நாலு பேருக்கு நடுவில் நிமிர்ந்து பேசுகிற நிலையில் இருக்கிறார்கள். அதனால் என்னைப் பார்த்து யாரும் "பாவம், வயசானவங்க" என்று சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்ன ஓர் ஆளின் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

நான் மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். பஸ்ஸில் நாமக்கல், கரூர் என்று எழுதியிருந்தால் படிப்பேன். கையெழுத்துப் போடுவேன். பேப்பரில் கொட்டை எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன், சின்ன எழுத்தோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் புதிர் போடுவேன். நான் போட்ட புதிரை அவிழ்க்க முடியாமல் சேலத்திலும் ராசிபுரத்திலும் மனிதர்கள் காபியை ஆறவிட்டிருக்கிறார்கள்.

மகள் வயிற்றுப் பேத்தி என் வீட்டில் தங்கி நாமக்கல்லில் கல்லூரிக்குப் போகிறாள். பரமத்தி வேலூரிலிருந்து எங்கள் ஊர் கொஞ்ச தூரம்தான், பஸ் வாசலிலேயே நிற்கும். அவள்தான் என்னை அந்த வாட்ஸாப் குழுவில் சேர்த்துவிட்டாள். பாதிப் பேருக்கு மேல் நம் பக்கத்து ஆட்கள், மீதிப் பேர் எங்கெங்கோ இருப்பவர்கள். யாரும் யாரையும் பார்த்ததில்லை. குழுவுக்கு ஒரே சட்டம்: புதிர் சொந்தமாகச் செய்ததாக இருக்க வேண்டும். புத்தகத்தில் பார்த்தது, வேறு குழுவில் வந்தது எதையும் போடக் கூடாது. அந்தச் சட்டம் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததும் அது ஒன்றுதான். காலையில் கண் விழித்தால் ஆளாளுக்கு ரோஜாப்பூப் படத்தை அனுப்பி வணக்கம் வைப்பார்கள். எதிர்வீட்டுக்காரனுக்கு ஒரு வணக்கம் வைக்காதவன்கூட அங்கே பூ அனுப்புவான்.

எனக்கு டைப் அடிக்க வராது. போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பேசி அனுப்புவேன். மற்றவர்கள் எழுதியதைப் பேத்தி படித்துச் சொல்வாள்.

குழுவில் இரண்டு பேரை நான் சிநேகிதர் என்று சொல்வேன். ஒருத்தி ராசிபுரத்துத் தறிக்காரி. என்னை அக்கா என்பாள். எழுத்துப் புதிர் போடுவதில் கெட்டிக்காரி. ஒரு நாள் இப்படிப் போட்டாள்: "மூணே எழுத்து. முழுசா இருந்தா மேல உக்காரலாம். நடு எழுத்த எடுத்தா சண்டை. கடைசி எழுத்த எடுத்தா ஒண்ணுக்கு மேல. முன்னால ரெண்டையும் எடுத்தா அஞ்சு விரலு." படித்தவர்கள் எல்லாரும் எழுத்தைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தறிக்காரி எதன் மேல் உட்காருவாள் என்று மட்டும் நான் யோசித்தேன். பலகை. சொன்னதும் அவள் குரலில் அனுப்பினாள்: "அக்கா, உங்களுக்கு எழுத்துத் தெரியாதுன்னு இனிமே யாருகிட்டயும் சொல்லாதீங்க. பொய் சொன்னா வாய் வெந்துரும்."

இன்னொருவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் போர் வண்டி டிரைவர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே எங்கெங்கோ போய்விடுவார். மொழி தெரியாத ஊரில் மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்வார்.

"ஏனுங்கம்மா, உங்க புதிரு தலைக்குள்ள ஓட்டை போடுதுங்க."

"நீ ஊரெல்லாம் ஓட்டை போடற ஆளு. உன்ற தலையில ஒண்ணு போட்டா என்ன?"

இப்படித்தான் எங்கள் பேச்சு.

மூன்றாவது ஆள் குழுவை நடத்துகிறவர். அயோத்தியாப்பட்டணத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் ஐயா என்பார்கள், நான் வாத்தியார் என்பேன். புதிரை முதலில் அவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அவர் பார்த்து, எழுத்தில் போட்டு, காலையில் குழுவில் விடுவார். விடையையும் அவருக்கே தனியாக அனுப்ப வேண்டும். சாயங்காலம் யார் யார் சரி என்று அறிவிப்பார். கோவில் பூசாரிக்குக்கூட இவ்வளவு அதிகாரம் கிடையாது.

என் புதிரை அவர் எழுதும்போது 'அம்மையார் கேட்கிறார்' என்று தொடங்கி, என் பேச்சை நல்ல தமிழில் மாற்றுவார். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. 'கெணறு' என்று சொன்னதைக் 'கிணறு' என்று எழுதினால் தண்ணீர் வற்றிவிடாது. கணக்கைத் தொடாமல் இருந்தால் போதும்.

ஏனென்றால் நான் புதிரைச் சும்மா செய்வதில்லை. மாட்டுத் தொட்டிப் பக்கத்துச் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து, புளியங்கொட்டையை ஆட்களாக வைப்பேன். இவன் சொன்னது நிஜமானால் அவன் சொன்னது என்ன ஆகும் என்று கொட்டையைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். புதிருக்கு ஒரு வாசல்தான் இருக்க வேண்டும். இரண்டு வாசல் இருந்தால் அது புதிர் இல்லை, சந்தை.

போன வருஷம் கோடையில் எங்கள் கிணற்றை வைத்து ஒரு புதிர் செய்தேன்.

அந்தக் கிணறு நிஜமான கிணறு. என் வீட்டுக்காரருக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. மூன்று பேருக்கும் பொதுவில் ஒரே கிணறு, ஒரே மோட்டார். நாளுக்கு ஒருவர் முறை. மோட்டார் ரூமுக்குப் பூட்டு கிடையாது. அண்ணன் தம்பிக்குள் பூட்டுப் போட்டால் ஊர் சிரிக்கும் என்று போடவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால், மழை பொய்த்த ஒரு வருஷம், தம்பி மிளகாய் நாற்று நட்டு அவர் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். முறை வந்த அன்றைக்கு விடிந்ததும் மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வந்தது. இரவில் யாரோ ஓட்டிவிட்டார்கள்.

யார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு விடிகாலையில் புல் அறுக்கப் போனவள் நான். மூத்தவருடைய வாழைக்குழி கடைசி வரைக்கும் ஈரம். என் கால் அதில் புதைந்தது.

மூத்தவர் வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டுப் பங்காளிகள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். மூத்தவர், "நான் எடுக்கல" என்றார். அவ்வளவுதான், அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை. பெரியவர் சொல்லிவிட்டார் இல்லையா. அடுத்தது என் வீட்டுக்காரர். அவருக்கும் தெரியும், நான்தான் சொன்னேனே. ஆனால் அண்ணன் முகத்துக்கு நேராக, அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, அவரால் சொல்ல முடியவில்லை. அவரைத் தோளில் தூக்கிச் சுமந்த அண்ணன். திணறிக்கொண்டு நின்றவர், "சின்னவனே ஓட்டிட்டு நாடகமாடறான்" என்று சொல்லிவிட்டார். தம்பி அழுதுகொண்டே, "நடு அண்ணன் பொய் சொல்றாரு" என்றார்.

தம்பியின் வாடிய நாற்றை எல்லாரும் பார்த்திருந்தார்கள். தம்பி எடுக்கவில்லை என்பது தெரிந்துபோயிற்று. அப்படியானால் என் வீட்டுக்காரர் சொன்னது பொய். பொய் சொன்னவன்தான் எடுத்தவன் என்று அங்கேயே முடித்துவிட்டார்கள். நான் வாழைக்குழியைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். "பொம்பளை உள்ள போ" என்றார்கள். அவர் சாகும் வரைக்கும் ஊரில் அவருக்குத் தண்ணித்திருடன் என்றுதான் பேர். எங்கள் முறையன்றைக்குக்கூட அவர் மோட்டார் ரூம் பக்கம் தனியாகப் போகமாட்டார். யாரையாவது கூட்டிக்கொண்டு போவார்.

அதைத்தான் புதிராக்கினேன். ஆள் பேர் இல்லை, ஊர் பேர் இல்லை. போனில் இப்படிப் பேசி வாத்தியாருக்கு அனுப்பினேன்:

"அண்ணந் தம்பிங்க மூணு பேரு. ஒரே கெணறு. சின்னவன் மொறைத் தண்ணிய மூணு பேருல ஒருத்தரு எடுத்துட்டாரு. மூத்தவரு, நான் எடுக்கலைங்கறாரு. நடுவலவரு, சின்னவனே எடுத்துட்டு நாடகமாடறாங்கறாரு. சின்னவரு, நடு அண்ணன் சொல்றது பொய்யிங்கறாரு. மூணு பேருல ஒருத்தரு பேச்சு மட்டுந்தான் நெசம். அப்ப எடுத்தது யாரு?"

நிதானமாகப் பார்த்தால் வழி தெரியும். நடு ஆள் சொல்வதும் சின்னவர் சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிர். இரண்டும் நிஜமாகவும் இருக்க முடியாது, இரண்டும் பொய்யாகவும் இருக்க முடியாது. ஆகவே இருக்கிற ஒரே நிஜம் அவர்கள் இரண்டு பேரில் ஒருவரிடம் போய்விடும். மிச்சம் இருக்கும் மூத்தவருடைய பேச்சு பொய்தான். அவர்தான் எடுத்தார். நடு ஆளும் பொய்தான் சொன்னார். ஆனால் அவர் எடுக்கவில்லை. அன்றைக்கு அந்த வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் ஓடாதது இது ஒன்றுதான்.

அன்று மத்தியானமே வாத்தியார் போன் செய்தார்.

"அம்மா, புதிர் அருமை. ஒரே ஒரு சங்கடம். மூத்தவர் திருடன் என்று வருகிறது."

"ஆமாங்க. அவருதான் எடுத்தாரு."

"குழுவில் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வீட்டுக்குப் பெரியவரைத் திருடன் என்று நாமே சொல்லிக் கொடுக்கலாமா?"

"அப்ப நடுவலவன திருடன்னு சொல்லிக் குடுக்கலாமுங்களா?"

"நான் கொஞ்சம் சரிசெய்து போடுகிறேன் அம்மா. உங்களுக்கு எதற்குச் சிரமம்?"

"சரிசெய்ய அதுல ஒண்ணுமில்லைங்க. அப்படியே போடறதுன்னா போடுங்க, இல்லாட்டிப் போட வேண்டாம்."

சரி சரி என்றார். மறுநாள் காலையில் பேத்தி படித்தாள். எல்லாம் நான் சொன்னபடி இருந்தது, கடைசி வரி மட்டும் வேறு. 'மூவரில் ஒருவர் கூற்று மட்டுமே பொய்' என்று இருந்தது. கீழே, 'அம்மையாரின் புதிர், சிறு திருத்தத்துடன்.'

எனக்கு உடனே பிடிபடவில்லை, ஏதோ உறுத்தியது. மேடைக்குப் போய்க் கொட்டையை வைத்தேன். ஒரே ஒரு பொய் என்றால் அது நடு ஆளிடமோ சின்னவரிடமோ போய்விடுகிறது. மூத்தவர் சொன்னது நிஜமாகிவிடுகிறது, அவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விடுகிறார். மிச்சம் இரண்டு பேர். சின்னவர் எடுத்தார் என்று வைத்தாலும் பொருந்துகிறது, நடு ஆள் எடுத்தார் என்று வைத்தாலும் பொருந்துகிறது. இரண்டு வாசல். அதில் ஒரு வாசலில் மறுபடியும் என் வீட்டுக்காரர் நிற்கிறார். அன்றைக்குக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து செய்த அதே வேலையை, என் பேரைப் போட்டு, என் புதிரை வைத்தே இந்த மனிதர் செய்திருக்கிறார்.

அந்த நேரத்தில் டிரைவர் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அம்மா, இந்தத் தடவ புடிச்சுட்டனுங்க. நடுவலவன்தான திருடன்?"

"போனை வை."

"ஏனுங்கம்மா, தப்புங்களா?"

"வைன்னா வைடா!"

அவரை நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் மேல் குற்றமில்லை. கொடுத்த கணக்குக்கு ஒரு விடை சொன்னார்.

சாயங்காலம் பாதிப் பேர் சின்னவர் என்றும், பாதிப் பேர் நடு ஆள் என்றும் அனுப்பியிருந்தார்கள். தறிக்காரி மட்டும், "இதுக்கு ரெண்டு விடை வருதே, அக்கா இப்படிப் போடமாட்டாங்களே" என்று குழுவிலேயே கேட்டுவிட்டாள். வாத்தியார் கொஞ்சமும் அசரவில்லை. 'இரண்டு விடைகளும் சரியே. அனைவருக்கும் பாராட்டுகள்' என்று எழுதி, கைதட்டுகிற படத்தையும் போட்டார்.

நான் போனை எடுத்து நேராகக் குழுவிலேயே பேசினேன். பேத்தி கையைப் பிடித்தாள், தட்டிவிட்டேன். என் புதிரை நான் செய்தபடியே முதலிலிருந்து சொன்னேன். அப்புறம், "ஐயா, எம்புதிருக்கு ஒரு விடைதான். உங்க மரியாதைய உங்க ஊட்டுப் பெரியவருக்குக் குடுங்க, என்ற கெணத்துல கொண்டாந்து ஊத்தாதீங்க. திருடன ஓட்டி உட்டுட்டு எல்லாருக்கும் கைதட்டறீங்களே, நீங்க எத்தனை பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தீங்களோ, அதுங்க பாவம்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அதை அவர் அழித்துவிட்டார். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று பேத்தி படித்தாள். அதற்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: 'பாவம், வயதானவர். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். யாரும் தவறாக எண்ண வேண்டாம்.'

பாவமாம்.

ஆனால் அழிப்பதற்குள் யாரோ அதை வெளியே அனுப்பிவிட்டார்கள். அது குழுக் குழுவாகத் தாண்டி எங்கே போய் நின்றது என்றால், மூத்தவர் மகனிடம். மூத்தவர் செத்து வருஷமாயிற்று. மகன் எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். கல்யாணம் காட்சியில் பார்த்தால் தலையாட்டுவான், அதற்கு மேல் பேச்சில்லை. மறுநாள் அவன் போன் செய்தான்.

"சின்னம்மா, நல்லாருக்கறீங்களா?"

"இருக்கறன். என்ன விசேஷம்?"

"அந்தப் புதிர எதுக்குங்க ஊரெல்லாம் உட்டுக்கிட்டு? எடுத்துருங்க."

"எந்தப் புதிரு?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க. கெணத்துப் புதிருதான்."

"அதுல எங்கீம் ஒரு பேரு கெடையாதே சாமி. உனக்கென்ன வந்துச்சு?"

"பேரு வேணுமா? கேட்டா யாருன்னு தெரியாதா?"

"தெரியுதா? சரி, நீயே சொல்லு. தண்ணிய எடுத்தது யாரு?"

பின்னால் கோழிச் சத்தம் மட்டும் கேட்டது.

"குழுவுல படிச்சவங்க அத்தனை பேருக்கும் வரல. உனக்கு வந்துருச்சாட்டம் இருக்குது. சொல்லு கண்ணு."

"செத்தவரப் பத்தி இப்ப என்னத்துக்கு சின்னம்மா?"

"உங்கப்பன் மட்டுமா செத்தான்? என்ற ஊட்டுக்காரரும் செத்துட்டாரு. அவரத் திருடன்னு சொன்னப்ப நீயும் அந்த வாசல்ல வேட்டி கட்டிக்கிட்டு நின்னவன்தான். விடையச் சொல்லு."

"...மூத்தவரு."

"சரியான விடை" என்றேன்.

அவன் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு கல்யாண வீட்டில் பார்த்தால் தலையாட்டுவதும் இல்லை. ஆட்டாவிட்டால் போகட்டும். ஐம்பது வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த ஒரே நிஜம் அந்த ஒரு சொல். அதுவும் போனில், என் ஒருத்தி காதுக்கு மட்டும்.

அன்றைக்கே வாத்தியாரும் போன் செய்தார். குழுவில் மன்னிப்புக் கேட்டால் தொடரலாம் என்றார். "புதிர நாஞ்சொன்னபடி போடுங்க, அப்பறம் பேசலாம்" என்றேன். அது முடிந்த விஷயம் என்றார். "முடியல, நீங்க மூடிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, குழுவை விட்டு வெளியே எடுக்கும் பொத்தானைப் பேத்தியை அமுக்கச் சொன்னேன். அவள் தயங்கினாள். எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி நானே அமுக்கினேன்.

தறிக்காரி இன்னமும் போன் செய்கிறாள். அவள் குழுவிலிருந்து வெளியே வரவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, அவளிடமே சொல்லியும்விட்டேன். டிரைவரிடம் மட்டும் நான் செய்தபடியே புதிரை மறுபடி சொன்னேன். எங்கோ வண்டியை ஓரம் கட்டி, நிறைய நேரம் யோசித்து, "அப்ப நடுவலவரு பொய் மட்டுந்தான் சொன்னாருங்களா, அம்மா?" என்றார். "அவ்வளவுதான் சாமி, பொய் மட்டும்தான்" என்றேன். மேடையில் கிடந்த புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். வண்டிக்கு ஆள் கூப்பிடுகிறார்கள் என்று அவரே வைத்துவிட்டார். நல்ல மனிதர்.

அழிக்க முடியாதபடி இதை எழுதிவைக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஊருக்குப் புரிகிற தமிழில் எழுது, ஆனால் நடந்ததை மாற்றாதே என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன். ஒழுங்காகத்தான் எழுதிக்கொண்டு வந்தாள். பங்காளிகள் உட்கார்ந்த இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. தாத்தாவை அவள் அப்புச்சி என்பாள்.

"அம்மாயி, அப்புச்சி பொய் சொன்னாருன்னு எழுதவா? பயத்துல பேசாம நின்னுட்டாருன்னு போட்டுக்கலாமே. நல்லாருக்கும்."

"பொய் சொன்னாருன்னு எழுது."

"படிக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"நெனச்சுக்கட்டும். அத எடுத்துட்டா அப்பறம் அவர் எதுக்குத் திருடன் ஆனாருன்னு யாருக்குத் தெரியும்? பொய் சொன்னாருன்னும் எழுது, தண்ணி எடுக்கலைன்னும் எழுது. ரெண்டும் வேணும்."

எழுதினாள். ஆனால் எழுதும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாத்தியாரும் நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்திருப்பார். நல்லது செய்கிறவர்கள் மேல் எனக்கு இப்போதெல்லாம் நம்பிக்கை குறைவு, என் ரத்தமாக இருந்தாலும் சரி.

"சாமி, இங்க வா. வெளிச்சத்துக்கு நேரா உக்காரு. மொதல்ல இருந்து படி. அவசரமில்ல, மெதுவாப் படி. அந்த வாசல்ல உங்க அப்புச்சி நிக்கற எடம் வந்தா மட்டும் ரெண்டு தடவ படி, நீ என்ன எழுதியிருக்கறேன்னு நாங்கேக்கோணும்."